ஸ்னைடரின் மூன்று பிறவிகள்

(தியாகராய நகரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

என்னிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. முறையாக உரிமம் பெற்றது. வயது நூற்றைம்பதுக்கு மேல். அதற்குப் பொருந்தும் தோட்டா இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை நான் ஒரு முறைகூடச் சுட்டதில்லை. இனி சுடப்போவதும் இல்லை. ஆனாலும் அதை வைத்துக்கொள்வதற்காக 2020ஆம் ஆண்டில், நன்றாகச் சுடக்கூடிய, நல்ல விலைக்குப் போகக்கூடிய வேறொரு துப்பாக்கியைக் கைவிட்டேன். அன்று இரவு என் மனைவி கேட்டாள்: "உதவுறதைக் கொடுத்துட்டு உதவாததை வச்சுக்கிட்டீங்களே, அப்படி என்னதான் இருக்கு அதுல?" அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்ப்பதில் என்ன செலவு, என்ன இன்பம் என்று பேச நீங்கள் அழைத்தபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அவளும் இன்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த மோகம் எனக்கு எங்கே தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்லூரி என்.சி.சி.யில் சேர்ந்தேன். கையில் கொடுத்தது .303 ரைபிள். எட்டரைப் பவுண்டுக்கு மேல் எடை. கிட்டத்தட்ட நான்கு கிலோ. 'கந்தே ஷஸ்த்ர' என்று கட்டளை வந்ததும் அதைத் தோளுக்கு ஏற்றுவதற்குள் எங்களில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும். ஆளுக்கு ஒரு பட் நம்பர் உண்டு. சொந்தப் பெயரை மறந்தாலும் அந்த எண்ணை மறக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் புல்த்ரூ கயிற்றின் கண்ணியில் 'சிந்தி' என்னும் துணித்துண்டைக் கோத்து, எண்ணெய் தடவி, குழலுக்குள் இழுப்போம். அப்படி இழுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், போல்ட் பிடிக்குக் கீழே இரும்பு வளையத்தில் ஏதோ பொறித்திருப்பதைப் பார்த்தேன். ஒரு கிரீடம், ஜி.ஆர் என்ற எழுத்துகள், பி.எஸ்.ஏ என்ற கம்பெனிப் பெயர், 1918 என்ற ஆண்டு. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஹவில்தார் சொன்னார்: "தம்பி, அது உங்கப்பாவுக்கும் மூத்தது. மரியாதையாப் பிடி."

அந்த மாலை வரை துப்பாக்கி என்றால் எனக்குச் சத்தம்தான். அதன் பிறகு அது படிக்கக்கூடிய ஒன்றாக ஆனது. பர்மிங்ஹாமில் 1918இல் செய்த ஒரு பொருள் எந்தப் போருக்குப் போய், யார் யார் தோளில் ஏறி இறங்கி, என் தோளுக்கு வந்து சேர்ந்தது? போல்ட்டில் இருந்த எண்ணும் உடலில் இருந்த எண்ணும் வேறு வேறு. அப்படியானால் நடுவில் எங்கோ ஒரு பட்டறையில் இந்த உடலுக்கு வேறொரு துப்பாக்கியின் போல்ட்டைப் பூட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டறை எது? அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பென்சிலால் தேய்த்து அந்த முத்திரைகளைப் படி எடுத்தேன். என் சேகரிப்பின் முதல் உருப்படி அந்தக் காகிதம்தான்.

காகிதத்தோடு நின்றதற்குக் காரணம் சட்டம். நம் நாட்டில் .303 ரைபிளைத் தனியார் ஒருவர் வைத்திருக்க முடியாது. படையின் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய .303, 7.62 மில்லிமீட்டர் ரைபிள்கள், .410 மஸ்கட்டுகள் எல்லாம் 'தடைசெய்யப்பட்ட போர்' (bore, குழலின் உள்ளளவு) என்ற வகையில் வருகின்றன. படைக் கிடங்கிலிருந்து தோட்டா வெளியே கசிந்தாலும் அது வெளியார் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதே இதன் அடிப்படை. வெள்ளைக்காரர் காலத்து எண்ணம் இது. இந்தியாவில் வேட்டைக்காரர்கள் கையில் .315 என்றொரு விசித்திரமான அளவு பரவியிருப்பதும் இதனால்தான். உலகின் வேறு பகுதிகளில் அந்த அளவை அவ்வளவாக அறியமாட்டார்கள்.

.410 மஸ்கட் என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. .303 ரைபிளை எடுத்து, குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களைக் கடைந்து வழுவழுப்பாக்கி, பத்துத் தோட்டாக் கூட்டை அடைத்து, ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும்படி வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் மாற்றினார்கள். சிறைக் காவலர்களுக்கும் போலீஸாருக்கும் அதைக் கொடுத்தார்கள். தன் கையாளின் கையிலேயே முழு வலிமையைக் கொடுக்க அஞ்சிய ஒரு அரசின் மனத்தை அந்தக் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

இனி என் ஸ்னைடருக்கு வருகிறேன்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் என் பெரியப்பா இருந்தார். பிள்ளை இல்லை. அவருடைய உரிமத்தில் மூன்று துப்பாக்கிகள்: ஒரு இரட்டைக் குழல் 12 போர், ஒரு .22, மூலையில் சாத்தியிருந்த நீளமான பழைய துப்பாக்கி ஒன்று. கொக்கும் மடையானும் வயலில் இறங்கும் காலத்தில் அவருடைய அப்பா அந்த நீளத் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போவாராம். பெரியப்பாவுக்குப் பிறகு முறைப்படி விண்ணப்பித்து மூன்றும் என் உரிமத்துக்கு மாறின. தியாகராய நகர் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த மூன்றாவது துப்பாக்கியை வெளிச்சத்தில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். பூட்டுத் தகட்டில் அழுக்கு போனதும் ஒரு கிரீடம் தெரிந்தது. அதன் கீழே விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர். முன்புறம் 1859, டவர்.

1859 என்றால் அது என்ஃபீல்டு. 1853ஆம் ஆண்டு மாதிரி. முகவாய் வழியாக மருந்தும் ஈயமும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி. அதன் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற பேச்சுதான் 1857 மே 10ஆம் தேதி மீரட்டில் வெடித்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்துச் செய்தது என் கையில் இருப்பது. அதே மாதிரி, அதே மூன்று இரும்பு வளையங்கள், அதே முப்பத்தொன்பது அங்குலக் குழல். இது முதல் பிறவி.

ஆனால் பின்பக்கம் பார்த்தால் என்ஃபீல்டு இல்லை. அங்கே வலப்புறமாகத் திறக்கும் ஒரு கதவு. 1864இல் டென்மார்க்குக்கு எதிராகவும் 1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிராகவும் பிரஷ்யப் படை பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கியோடு இறங்கியதும் ஐரோப்பா திகைத்துப் போனது. பிரிட்டனிடம் லட்சக்கணக்கில் முகவாய்த் துப்பாக்கிகள். எல்லாவற்றையும் தூக்கி எறிய முடியுமா? அமெரிக்காவைச் சேர்ந்த ஜேக்கப் ஸ்னைடர் வழி சொன்னார்: குழலின் பின்முனையில் இரண்டரை அங்குலத்தை வெட்டு, அங்கே கதவுள்ள ஒரு இரும்புக் கூட்டைத் திருகு, பித்தளைத் தோட்டாவை அதன் வழியே போடு. 1866இல் பிரிட்டன் அதை ஏற்றது. சுட்ட பிறகு கதவைத் திறந்து பின்னுக்கு இழுத்து, துப்பாக்கியைக் கவிழ்த்தால் காலித் தோட்டா தரையில் விழும். எளிமை என்றால் அப்படி ஒரு எளிமை. அந்த ஸ்னைடரோ, தமக்குச் சேர வேண்டிய பணத்துக்காகப் போர் அலுவலகத்தோடு போராடிக்கொண்டே, அதே 1866இல் வறுமையில் இறந்துபோனார். ஒரு பேரரசின் காலாட்படை முழுவதும் அவர் பெயரைத் தூக்கிக்கொண்டு நடந்தது. என் துப்பாக்கியின் கதவைத் திறக்கும்போது எழும் அந்தச் சின்ன 'டக்' ஒலியில் ஒவ்வொரு முறையும் அவர் நினைவு வரும். இது இரண்டாம் பிறவி.

மூன்றாவது பிறவிக்குக் குழலுக்குள் பார்க்க வேண்டும். என்ஃபீல்டின் குழலில் மூன்று வரிப்பள்ளங்கள் இருக்க வேண்டும். என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி போல வழுவழுப்பு. யாரோ கடைந்து எடுத்திருக்கிறார்கள். படையிலிருந்து கழித்த ஸ்னைடர்களை இப்படிக் கடைந்து, தொலைதூரம் குறி தவறாமல் சுடும் திறனைப் பறித்து, பறவை சுடும் துப்பாக்கியாக நம்மவர்களுக்கு விற்றார்கள். குழலின் மேல் அகன்ற அம்பு முத்திரை ஒன்று உண்டு, அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். அதன் முனையோடு முனை முட்டும்படி எதிர்த்திசையில் இன்னொரு அம்பு. இரண்டு அம்புகள் இப்படி முட்டிக்கொண்டால், கழித்து விற்றாயிற்று என்று பொருள். இப்போது அது 24 போர். அதாவது ஒரு பவுண்டு ஈயத்தை இருபத்து நான்கு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குப் பொருந்தும். உரிமப் புத்தகத்தில் குமாஸ்தா கையெழுத்தில் '24 போர், ஒற்றைக் குழல், பின்கெட்டிப்பு' என்ற அளவில்தான் இருக்கிறது. விக்டோரியாவும் மீரட்டும் பிரஷ்யாவும் ஸ்னைடரும் அந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டார்கள்.

இப்போது சொல்கிறேன், இதில் என்ன இன்பம் என்று. ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியின் மேல் யாரும் அழகுக்காக எதையும் பொறிக்கவில்லை. ஒவ்வொரு குத்தும் ஒரு கணக்கு. சோதித்தவன் ஒரு குத்து, கிடங்கில் வாங்கியவன் ஒரு குத்து, பழுது பார்த்தவன் ஒரு குத்து, கழித்துக் கட்டியவன் ஒரு குத்து. கோயில் கல்வெட்டைப் படி எடுப்பவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். நிலதானமும் வரிக்கணக்கும் எழுதிய கல்லிலிருந்துதானே நாம் சோழர் காலத்து ஊரை எழுப்பிப் பார்க்கிறோம்? அதே வேலைதான் இது. வேறுபாடு ஒன்றுதான்: கல்வெட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது, இது கடல் கடந்து நடந்து வந்திருக்கிறது.

சொற்களிலும் எனக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து புறப்பட்டு வந்தது. யாழ்ப்பாணத்தார் துவக்கு என்பார்கள். அதுவும் அதே வழி வந்த சொல்தான். ஆனால் உறுப்புகளுக்கு வரும்போது தமிழன் தன் சொல்லைப் போட்டான். குழல் என்றான். சுத்தி போல் மேலே எழும்பி விழும் உறுப்பைக் குதிரை என்றான். மருந்திட்டு இடிப்பதைக் கெட்டித்தல் என்றான். வெடிக்காரன் ஒருவன் பேசிப் பேசித் தேய்த்த சொற்கள் இவை. என் பெரியப்பா 'குதிரையை ஏத்து' என்பார். இன்று அப்படிச் சொல்வோர் அருகிவிட்டார்கள்.

செலவுக்கு வருகிறேன். இது நீளமானது.

ரூபாய்க் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உரிமக் கட்டணம், எண்ணெய், பீரோவுக்கு நல்ல பூட்டு, புத்தகங்கள். ஒரு நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய அளவுதான். எண்பதுகளின் நடுவிலிருந்து தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது தடைப்பட்டதால், இங்கே ஏற்கெனவே இருந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை ஏறியது உண்மை. ஸ்னைடருக்கு அந்த விலையும் இல்லை. சுட முடியாததை யார் வாங்குவார்?

உண்மையான செலவு நாட்களில் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் உரிமத் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். 2019 நாடாளுமன்றம், 2021 சட்டமன்றம், 2022 மாநகராட்சி, 2024 நாடாளுமன்றம் என்று என் ஸ்னைடரும் தவறாமல் ஜனநாயகக் கடமை ஆற்றியிருக்கிறது. இந்த விதியில் எனக்கு மனக்குறை இல்லை. தேர்தல் அமைதியாக நடக்க வேண்டும். ஆனால் திரும்பி வாங்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும். ஒரு முறை அது காவலில் இருந்த இடத்தில் ஈரச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டார்கள். பூட்டுத் தகட்டில் 1859இல் ஐந்தும் ஒன்பதும் செம்பழுப்புத் துருவுக்குள் மறைந்து வந்தன. நான்கு மாதம், எண்ணெயும் மென்துணியும் விரல்நுனியுமாக, ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்துதான் அந்த எண்களை மீட்டேன். உப்புத்தாளைத் தொட்டிருந்தால் அரை மணியில் பளபளத்திருக்கும், ஆண்டும் அழிந்திருக்கும். பழைய துப்பாக்கி வைத்திருக்கும் இளைஞர்கள் யாராவது இங்கே இருந்தால் கைகூப்பிக் கேட்கிறேன், பளபளப்பாக்காதீர்கள்.

சென்னையின் காற்று இரும்புக்கு எதிரி. மார்கழி தவிர மற்ற மாதங்களில் வாரம் ஒரு முறை கையில் எடுத்தே தீர வேண்டும். எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று தையல் மெஷினுக்கும் ஸ்கூட்டருக்கும் அருகில் ஸ்னைடரையும் வைப்போம். சந்தனம், குங்குமம் மரக்கட்டையில் மட்டும். இரும்பில் ஈரச் சந்தனம் பட்டால் மறுநாள் காலையில் துரு. குடகில் கொடவர்கள் செப்டம்பரில் கைல்போள்து என்று துப்பாக்கிக்கே திருவிழா எடுக்கிறார்கள். ஆயுதச் சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு உண்டு; பரம்பரைத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஒரு கொடவர் வீட்டில் மாலை போட்டு வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கிகளைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1983இலிருந்து ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாயிற்று. பரம்பரையாக வந்ததற்கும் சலுகை இல்லை. மிஞ்சியதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும். பழம்பொருள் மதிப்புள்ள, காலாவதியான ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாதது என்றால்தான் அந்த விலக்கு. என் ஸ்னைடரின் குதிரை இன்றும் ஏறுகிறது, கதவு மூடுகிறது. சுட முடியாதபடி ஆக்கிவிடலாமே, குழலில் ஒரு துளை போட்டால் போதுமே என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் யோசனை சொன்னார். என்.சி.சி.யில் டி.பி. ரைபிள்கள் என்று உண்டு. கவாத்துக்கு மட்டும் உரியவை, அப்படித் துளை போட்டவை. எத்தனையோ கைகள் 1859இலிருந்து கெடாமல் கொண்டுவந்து சேர்த்ததை நான் துளைக்கவா? .22 ரைபிளில் என் மகள் குறி பார்த்துச் சுடக் கற்றாள். அதை விட மனமில்லை. ஆகவே 12 போர் போயிற்று. பெரியப்பா தோளில் சாய்த்த இடத்தில் அதன் கட்டை தேய்ந்து மினுமினுக்கும். கொடுத்த அன்று ரசீதை வாங்கிக்கொண்டு பேருந்தில் வந்தேன். கைகள் சும்மா இருந்தன.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. 1962இல் சீனாவோடு நடந்த போரில் நம் வீரர்கள் மலை உச்சிகளில் .303 வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் போரை ஒட்டி இஷாப்பூரில் அதே பழைய போல்ட் ரைபிளை 7.62 தோட்டாவுக்கு ஏற்பப் புது எஃகில் செய்தார்கள். 2ஏ, 2ஏ1 என்று பெயர். உலகில் இந்த வகை வேறெங்கும் இல்லை. நம் கைவேலை. பிறகு அவை கழிந்தபோது ஏராளமானவை அமெரிக்கச் சந்தைக்குப் போயின. என் தம்பி மகன் டெக்சஸில் குடியுரிமை பெற்று வாழ்கிறான். அங்கே ஒரு கடையில் ஒன்றை வாங்கி, வீடியோவில் என்னைக் கூப்பிட்டான். "பெரியப்பா, இதுல ஏதோ சிங்கம் போட்டிருக்கு, என்னன்னு பாருங்க" என்றான். அசோகர் தூணின் சிங்கங்கள். அதன் கீழே ஆர்.எஃப்.ஐ., 1968. வங்காளத்துத் தொழிலாளி குத்திய நம் நாட்டு முத்திரையை, தியாகராய நகரில் உட்கார்ந்துகொண்டு டெக்சஸ் மேஜை மேல் பார்த்தேன். அவன் அதை வைத்திருக்கலாம். நான் தொடவும் கூடாது. மொழிபெயர்ப்பாளனைப் போல ஒவ்வொரு குறியாக அவனுக்குப் படித்துச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவன் எழுதிக்கொண்டான். அவனுக்கு இவ்வளவு பொறுமை உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் ராணாக்கள் அடுக்கி வைத்திருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். நம் துணைக்கண்டத்தின் துப்பாக்கி வரலாற்றைக் கையில் பிடித்துப் படிக்க வேண்டுமானால் இன்று அட்லாண்டிக் கடக்க வேண்டும்.

நம் ஊரில் மட்டும் என்ன செய்தோம்? 1855இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரண்மனை ஆயுதக் கொட்டாரம் கம்பெனி கைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகக் குவிந்த வாள், ஈட்டி, துப்பாக்கிகளில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். பொறுக்கி எடுத்த சில மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878இல் அந்தக் கொட்டாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதிவைத்தார். எழும்பூருக்குப் போனால் அதில் தப்பியவற்றைப் பார்க்கலாம். தந்தத்தில் செய்த வளரிகூட அங்கே வந்து சேர்ந்தது. உடைபட்டவை எத்தனை, அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

அதற்கும் முன்னால், மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801ஆம் ஆண்டின் டிசம்பர் முதல் தேதி, கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும். தெற்கே வீட்டுக்கு வீடு இருந்த வேல்கம்பும் திரித் துப்பாக்கியும் அன்றிலிருந்து குறைந்தன. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்குத் தந்தது. இந்த அவமானம் காந்தியடிகளையும் சுட்டது. 1930இல் வைஸ்ராய் இர்வினிடம் வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குவதும் ஒன்று. 1946இல் அவர் வந்து தங்கிய ஹிந்தி பிரசார சபை இங்கிருந்து நடக்கிற தூரம்தான். அகிம்சையை வாழ்ந்து காட்டியவர், ஆயுதம் வைக்கத் தகுதியில்லாதவன் என்று ஒரு மக்களை முத்திரை குத்துவதை ஏற்கவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்ததை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். ஆனால் இதைச் சொல்லாமல் செலவுக் கணக்கு முழுமையாகாது.

1918 என்று பொறித்த அந்த .303ஐ நான் நேசித்தேன். அந்த வகை ரைபிளைத்தான் 1919 ஏப்ரல் 13ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்கில் ஐம்பது பேர் தோளில் வைத்தார்கள். சுட்ட தோட்டாக்கள் 1650 என்று கணக்கு இருக்கிறது. தோட்டாவுக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். விழுந்தவர்களின் கணக்கில் இன்றும் ஒருமித்த எண் இல்லை. அடுத்த ஆண்டு, 1920 ஏப்ரல் 3, நம் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூர். கைரேகைச் சட்டத்துக்குப் பணிய மறுத்த பிறமலைக் கள்ளர்கள்மேல் போலீஸார் சுட்டார்கள். பதினாறு பேர் இறந்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

துப்பாக்கியின் கட்டையில் ஒரு படைப்பிரிவின் முத்திரையைக் கண்டதும் சேகரிப்பவன் மனம் குதிக்கும். என் மனமும் குதித்திருக்கிறது. எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எங்கே பாளையம் போட்டார்கள் என்று தேடித் தேடிப் போவோம். அப்படிப் போகிறவன் நடுவழியில் நின்றுவிடக் கூடாது. குழலின் இந்தப் பக்கம் யார் நின்றான் என்று கேட்டால், அந்தப் பக்கம் யார் நின்றார் என்றும் கேட்டாக வேண்டும். என் நோட்டுகளில் நாற்பது வயது வரை முதல் கேள்விக்கு மட்டும்தான் பத்தி இருந்தது. பெருங்காமநல்லூருக்கு ஒரு முறை போய் அங்குள்ள நினைவுத் தூணின் முன்னால் நின்ற பிறகுதான் இரண்டாவது பத்தியைச் சேர்த்தேன். அந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. காலியாக இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காகவே கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போது வரும் கனம்தான் நான் இந்தப் பழக்கத்துக்குக் கொடுத்த பெரிய விலை. அதைக் கொடுக்காதவருக்கு இந்த இன்பமும் பாதிதான் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. துப்பாக்கிகள் பீரோவின் மேல்தட்டில் இருந்தன, தப்பின. நோட்டுகள் கீழ்த்தட்டில் இருந்தன. முப்பத்தேழு நோட்டுகள், முத்திரைப் படிகள், கடிதங்கள், முதல் நாள் என்.சி.சி.யில் தேய்த்த அந்தக் காகிதம். தண்ணீர் வடிந்த பிறகு நானும் மனைவியும் மகளும் மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவில் செய்தித்தாள் வைத்துக் காய வைத்தோம். பேனா மை எல்லாம் கரைந்து ஓடியிருந்தது. பென்சிலில் தேய்த்தவை நின்றன. 1918 நின்றது. அன்று மாடியில் குனிந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், என் சேகரிப்பு எது என்று எனக்கே தெளிவானது. ஐந்து ஆண்டு கழித்து இரண்டில் எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது, 12 போரில் படிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஸ்னைடரில் இன்னும் படித்து முடியவில்லை என்பதுதான் காரணமாக இருந்தது. என் மனைவிக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

படித்து முடியாதது என்று சொன்னேன் அல்லவா? ஸ்னைடரின் கட்டையில், கன்னம் படும் இடத்துக்குக் கீழே, யாரோ கத்திமுனையால் கீறிய மூன்று எழுத்துகள் இருக்கின்றன. அதிகாரிகள் குத்தியது அல்ல. முதல் எழுத்து 'மு' என்பது உறுதி. இரண்டாவது 'த்' ஆக இருக்கலாம், 'ந்' ஆகவும் இருக்கலாம். மூன்றாவது தேய்ந்துவிட்டது. சிப்பாயா, தஞ்சை வயலில் கொக்கு சுட்டவரா, துப்பாக்கியைச் சுமந்துபோன பண்ணையாளா, தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் மேஜைக்கு வாருங்கள்; அதன் பென்சில் படியும் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறேன். பழைய கையெழுத்து படித்துப் பழகியவர்கள், குறிப்பாகப் பத்திரப் பதிவில் வேலை செய்தவர்கள், சற்று நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருப்பேன். அங்கே உள்ள பழைய மஸ்கட்டுகளின் பூட்டுத் தகடுகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே படிக்க முடியும். நாலு பகுதியாகப் பிரித்த இதய வடிவக் குறி இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய முத்திரை. நின்ற சிங்கம் இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு வந்தது. வர விரும்புகிறவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். பேனா வேண்டாம்.